பெல்லட் அடுப்பு: டெமோவில் எரிந்தது ஒன்று, லோடில் வந்தது வேறொன்று

ஈரோடு பக்கம் ஒரு மாணவர் விடுதி. தினமும் 300 பேருக்குச் சமையல். சிலிண்டர் செலவு கட்டுப்படியாகாமல், பெல்லட்டை (மரத்தூள், உமி மாதிரியானவற்றை அழுத்திச் செய்த சிறு எரிதுண்டுகளை) தானே தள்ளிக்கொள்ளும் அடுப்பு இரண்டு வாங்கி மாட்டினார்கள். நாலாவது மாதம் ஒன்றின் கியர்பாக்ஸ் உடைந்தது, பெல்லட்டைத் தணலுக்குத் தள்ளும் திருகு (ஸ்க்ரூ) ஓடும் குழாய் கருகியது. விற்றவர் பெயர் வேண்டாம். அதே பேச்சோடு விற்கிறவர்கள் நிறையப் பேர். சொன்னது என்ன, வந்தது என்ன, கோளாறு எங்கே என்பது மட்டும் இங்கே.

முதல் ஏமாற்று கணக்கில். "ஒரு கமர்ஷியல் சிலிண்டருக்கு 40 கிலோ பெல்லட் போதும்" என்றார்கள். 19 கிலோ எரிவாயுவில் ஏறக்குறைய 2 லட்சம் கிலோகலோரி இருக்கிறது. நல்ல பெல்லட்டே கிலோவுக்கு 4,000 சுமார்தான். வெப்பத்தை மட்டும் ஈடுகட்டவே 50 கிலோவுக்கு மேல் வேண்டும். பாத்திரத்தில் ஏறாமல் வீணாகும் சூடு கேஸ் அடுப்பைவிட இதில் அதிகம் என்பதால் 65 முதல் 75 கிலோ என்று வைத்துக்கொள்வதே நியாயம். உங்கள் ஊர் சிலிண்டர் விலையை 70ஆல் வகுத்துப் பாருங்கள். இறக்குக்கூலியோடு சேர்த்து ஒரு கிலோ பெல்லட் அதற்குக் கீழே கிடைத்தால்தான் மிச்சம்.

நோட்டீஸில் "85 சதவீதத் திறன்" என்று போட்டிருந்தது. அது நன்றாகக் கட்டிய பாய்லருக்குச் சொல்லும் எண். திறந்த அடுப்பில் அண்டா வைத்துச் சமைப்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சோதிக்க ஆய்வகம் தேவையில்லை. 100 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக 7,000 கிலோகலோரி. பெல்லட் கொட்டும் தொட்டியான ஹாப்பரில் எடை போட்டுக் கொட்டி, கொதித்ததும் மிச்சத்தை எடை போடுங்கள். 4 கிலோ செலவாகியிருந்தால் 16,000 உள்ளே போய் 7,000 பயன்பட்டிருக்கிறது, அதாவது 44 சதவீதம். இந்த வகை அடுப்புக்கு அது மோசமில்லை. 85 என்று சொன்னவரிடம் இந்தச் சோதனையைக் கேட்டால் பேச்சு மாறும்.

அடுத்தது டெமோ. அன்று கொண்டுவந்தது 8 மில்லிமீட்டர் மரத்தூள் பெல்லட், பளபளவென்று ஒரே நீளம். சாம்பல் ஒரு கைப்பிடிகூட இல்லை. மெஷினோடு எரிபொருள் ஒப்பந்தமும் போட்டார்கள். முதல் இரண்டு லோடு அதே சரக்கு. மூன்றாவதில் வந்தது கடலைத்தோலும் வைக்கோலும் கலந்தது, அதிலும் செம்மண் ஏறியது. மூட்டையின் அடியில் இரண்டு விரற்கடை தூள்.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஸ்க்ரூவுக்கு எடை தெரியாது. ஒரு சுற்றுக்கு இவ்வளவு இடம், அதில் எது விழுந்தாலும் தள்ளும். ஸ்க்ரூ எவ்வளவு நேரம் சுற்ற வேண்டும் என்று வைக்கும் டைமரைத் தொடாமல், குழாயைக் கழற்றி ஆறு நிமிடம் வாளியில் பிடித்துப் பார்த்தபோது மரத்தூள் பெல்லட் 1.4 கிலோ விழுந்தது, மணிக்கு 14. புதுச் சரக்கு, சரியாக இறுகாதது, 1.1 கிலோதான். எடையும் குறைவு, மண் ஏறியதால் கிலோவுக்கான கலோரியும் குறைவு, ஆக சூடு கால்வாசிக்குமேல் குறைந்துவிட்டது. சமையல்காரர் டைமரைக் கூட்டினார். தூளும் சேர்ந்து கூடுதலாக விழுந்தது, காற்று போதாமல் கரும்புகை.

அதைவிடப் பெரிய வில்லன் கிட்டம், அதாவது உருகி இறுகிய சாம்பல் கட்டி. உமி பெல்லட்டில் சாம்பல் 15 முதல் 20 சதவீதம்வரை இருக்கும், ஆனால் அது எளிதில் உருகாது, கிளறித் தள்ளிவிடலாம். வைக்கோலில் பொட்டாசியம் அதிகம். அந்தச் சாம்பலும் மண்ணும் தணலில் இளகி ஒட்டிக்கொண்டு, ஆறியதும் கண்ணாடி மாதிரி இறுகும். எரிகிண்ணத்தின் காற்றுத் துளைகளில் பாதி அப்படி அடைந்துவிட்டன. உளியும் சுத்தியலும் இல்லாமல் பெயரவில்லை. மேலே போக வழியில்லாத ப்ளோயர் காற்று, பெல்லட் வருகிற குழாய் வழியே திரும்பிற்று. ஹாப்பர் மூடியைச் சுற்றி நூல் நூலாகப் புகை வந்தது அதனால்தான். அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கும். மூடிய சமையற்கட்டில் அது விளையாட்டில்லை. மூடியில் ரப்பர் கேஸ்கெட் கூட வைக்கவில்லை.

புகை வந்த வழியில் நெருப்பும் வரும். கொட்டேஷனில் "இரட்டை ஸ்க்ரூ, குழாயில் வெப்ப சென்சார்" என்று இருந்தது. வந்த மெஷினில் ஒரே ஸ்க்ரூ, ஹாப்பரிலிருந்து நேரே தணலுக்கு. சென்சார் இருக்க வேண்டிய இடத்தில் துளை போட்டு போல்ட் அடைத்திருந்தது. இரட்டை ஸ்க்ரூ ஆடம்பரம் அல்ல. மேல் ஸ்க்ரூவிலிருந்து பெல்லட் ஓரடியாவது காற்றில் விழுந்து கீழ் ஸ்க்ரூவுக்குப் போனால், நெருப்பு தொற்றிக்கொண்டு ஏற இடையில் எரிபொருளே இருக்காது. சென்சாரின் வேலை, குழாய் 85, 90 டிகிரியைத் தொட்டால் கீழ் ஸ்க்ரூவை ஓடவிட்டு உள்ளதைத் தணலில் தள்ளிக் காலி செய்வது.

அணைக்கும் முறையும் தப்பு. பெல்லட்டை முதலில் நிறுத்தி, ப்ளோயரை 15, 20 நிமிடம் ஓடவிட்டு, கிண்ணம் காலியான பிறகுதான் மெயினை அணைக்க வேண்டும். இதில் ஒரே சுவிட்ச், எல்லாம் ஒன்றாக நிற்கும். கரண்ட் போனாலும் அதே கதை. ஸ்க்ரூவுக்குள் நின்ற பெல்லட் கருகி, தார் கசிந்து இறுகி, குழாயின் பெயின்ட் கொப்பளித்தது. மறுநாள் காலை மோட்டார் "ம்ம்" என்று முனகியதே தவிரச் சுற்றவில்லை. இப்படிப் பிடித்தால் உடையட்டும் என்றே ஷாஃப்டில் ஒரு மெல்லிய பின் வைப்பார்கள், அது உடைந்தது. வந்த மெக்கானிக் அங்கே எளிதில் உடையாத ஹைடென்சில் போல்ட்டைப் போட்டுவிட்டுப் போனார்! அடுத்த முறை பிடித்தபோது போல்ட் நின்றது, கியர் பல் போனது. வாரண்டி கேட்டதற்கு "வோல்டேஜ் ஏறி இறங்கியிருக்கும்" என்று பதில்.

எரிபொருள் தரம் பற்றிக் கேட்டபோது ஆய்வக அறிக்கையை நீட்டினார்கள். அதில் அடியில் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள்: கொடுக்கப்பட்ட மாதிரிக்கு மட்டுமே முடிவு பொருந்தும். எடுத்துக் கொடுத்தவரே விற்பவர். கலோரியும் "உலர்ந்த நிலையில்" கணக்கிட்டது. ஈரத்தோடு நீங்கள் காசு கொடுக்கிற சரக்குக்கு அல்ல. லோடு வந்ததும் நாலைந்து மூட்டையில் அடியிலிருந்து எடுத்துக் கலந்து, 100 கிராமை 105 டிகிரி ஓவனில் எடை குறைவது நிற்கும்வரை வையுங்கள். 90க்குக் கீழே போனால் ஈரம் 10 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. நல்ல பெல்லட் தண்ணீரில் போட்டால் மூழ்கும், மிதந்தால் இறுகவில்லை.

"பிரிக்கெட்டையும் (பெல்லட் மாதிரியே அழுத்திச் செய்த பெரிய கட்டி) உடைத்துப் போடலாம்" என்று சொன்னால் நம்பாதீர்கள். 90 மில்லிமீட்டர் பிரிக்கெட்டை உடைத்தால் பாதி தூள், பாதி கோணல் துண்டு. 75 மில்லிமீட்டர் ஸ்க்ரூவில் அது ஒரு மணி நேரம்கூடத் தாங்காது.

இரண்டாவது அடுப்பு இப்போது ஓடுகிறது. உள்ளூர் லேத்தில் மேல் ஸ்க்ரூ ஒன்று சேர்த்து, குழாயில் தெர்மோஸ்டாட் மாட்டி, ப்ளோயருக்குத் தனி சுவிட்சும் யூபிஎஸ்ஸும் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு லோடுக்கும் வாளிச் சோதனை செய்து டைமரைத் திருத்துகிறார்கள். புதிதாக வாங்குகிறவர்கள் ஆர்டரிலேயே இதை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: "ஈரம் 10, சாம்பல் 5 சதவீதத்துக்குள், மீறினால் லோடு திரும்பும், மெஷினின் கடைசி 25 சதவீதப் பணம் எங்கள் மூன்றாவது லோடில் கிட்டமில்லாமல் ஏழு நாள் ஓடிய பிறகு."