1500 நியூட்டன் லேபிளை நம்பி ஏமாந்தேன்

இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு அப்பாவால் படுக்கையிலிருந்து தானாக எழ முடியவில்லை. கட்டிலின் தலைமாட்டுப் பலகைக்குக் கீல் வைத்து, அடியில் லீனியர் ஆக்சுவேட்டர் (மோட்டாரால் ஒரு தண்டை நேராக வெளியே தள்ளும் கருவி) மாட்டித் தூக்கலாம் என்று இறங்கினேன். பலகையும் மேலுடம்பும் சேர்ந்து 45 கிலோ. பலகை படுத்திருக்கும்போது ஆக்சுவேட்டர் சாய்வாகத் தள்ளுவதால், என் அமைப்பில் கிட்டத்தட்ட 700 நியூட்டன், அதாவது 70 கிலோவைத் தூக்கும் விசை தேவைப்பட்டது. இரண்டு மடங்காகவே இருக்கட்டும் என்று 1500 நியூட்டன் கேட்டு சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன்.

ஒரு கடையில் 12 வோல்ட், 300 மி.மீ. ஸ்ட்ரோக் (தண்டு வெளியே வரும் நீளம்), 3,800 ரூபாய் என்று எடுத்துக் கொடுத்தார்கள். பேட்டரியில் ஓட்டியும் காட்டினார்கள். பத்தே விநாடியில் தண்டு முழுவதும் வெளியே வந்துவிட்டது. "பாருங்க சார், என்ன ஸ்பீடு!" என்றார் கடைக்காரர். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஒரே மோட்டாரில் வேகம் கூடினால் விசை குறையும்.

வீட்டில் அப்பாவைப் படுக்க வைக்கும் முன், நல்லவேளையாக, 25 கிலோ அரிசிச் சிப்பத்தைப் பலகைமேல் வைத்துப் பார்த்தேன். முக்கி முக்கி ஏறியது. இரண்டாவது சிப்பம் வைத்ததும் மோட்டார் உறுமியது, தண்டு அசையவில்லை, உள்ளே கறகறவென்று சத்தம். கழற்றிப் பார்த்தால் நைலான் பல்சக்கரத்தில் நாலைந்து பற்கள் மழுங்கி, கிரீஸ் முழுக்க வெள்ளைத் தூள். அப்புறம்தான் லேபிளின் ஓரம் எழும்பியிருப்பது கண்ணில் பட்டது. நகத்தால் உரித்தேன். அடியில் இன்னொரு லேபிள்: 600 நியூட்டன்.

திருப்பிக் கொண்டுபோனால், "ஓவர்லோடு போட்டிருக்கீங்க, பிரிச்சும் பார்த்துட்டீங்க, ரிட்டர்ன் கிடையாது" என்றார்கள். உரித்த லேபிளைக் காட்டினேன். பதிலே இல்லை.

வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே ஒரு பெருக்கல் போடுங்கள்: விசையை வேகத்தால் பெருக்கினால் தேவையான வாட் வரும். பத்து விநாடியில் 300 மி.மீ. என்றால் விநாடிக்கு 30 மி.மீ. 1500 நியூட்டனை விநாடிக்கு 30 மி.மீ. வேகத்தில் தள்ள 45 வாட் வேண்டும். அதே மேல் லேபிளில் 3 ஆம்பியர் என்று இருந்தது. 12 வோல்ட்டில் அது வெறும் 36 வாட். உள்ளே போவதைவிட வெளியே எப்படி அதிகம் வரும்? அதிலும் இந்த மாதிரி திருகுத் தண்டில் உராய்வுக்கே பாதிக்கு மேல் போய்விடும். நின்ற நிலையில் 'தாங்கும் எடை'யைத் 'தூக்கும் எடை' என்று சொல்லியும் விற்பார்கள், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது வேறொரு கடையில், எடை வைத்துச் சோதித்து வாங்கியது ஓடுகிறது. முழுதாக எழும்ப முக்கால் நிமிடம் ஆகிறது, அப்பாவுக்கு அந்த வேகம்தான் வசதி. பழைய பில்லில் '1500 நியூட்டன்' என்று எழுதி வாங்கியிருந்தேன். அதை வைத்து நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன்.