12 போர் பிரைமர்கள்: தட்டியதும் எடுப்பது எது, அடம்பிடிப்பது எது?

12 போர் (12 கேஜ்) ரவைத் துப்பாக்கித் தோட்டாவின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சின்னப் பாகம்தான் பிரைமர். ஃபெடரல் 209ஏ, வின்செஸ்டர் 209, ரெமிங்டன் எஸ்டிஎஸ், செடைட் சிஎக்ஸ் 2000, ஃபியோக்கி 616. ஐந்தும் பெயரளவில் ஒரே 209 ரகம்தான். ஆனாலும் ஒன்று இருந்த இடத்தில் இன்னொன்றை வைத்தால் அதே பலன் கிடைக்காது. பறக்கவிடும் தட்டுகளைச் சுடும் டிராப், ஸ்கீட் ஆட்டக்காரர்கள் தோட்டாப் பெட்டியில் ரவையின் எடையையும் வேகத்தையும் பார்க்கிறார்கள்; உள்ளே எந்த பிரைமர் என்று பெரும்பாலும் பார்ப்பதில்லை. 'டிக்' என்று சத்தம் மட்டும் வந்து வெடிக்காமல் போகும்போதுதான் அந்தக் கேள்வி எழுகிறது.

209 பிரைமரில் வெளிக்கூடு, உள்ளே ஒரு சின்னக் கிண்ணம், கிண்ணத்துக்குள் ஒரு பட்டடை என்று மூன்று உலோகப் பாகங்கள் உண்டு. துப்பாக்கியின் ஃபயரிங் பின் (பிரைமரைக் குத்தும் ஊசி) குத்தும்போது கிண்ணத்தின் அடி குழிந்து, அதற்கும் பட்டடைக்கும் நடுவில் உள்ள லெட் ஸ்டிஃப்னேட் என்ற வெடிபொருள் கலவை நசுங்கித் தீப்பற்றும். தீ மேல்துளை வழியாக மருந்தைப் பிடிக்கும். கிண்ணத்தின் உலோகம் எவ்வளவு கெட்டி, கலவை எவ்வளவு கூர்மை, தீ எவ்வளவு நீளம் என்பதில்தான் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம்.

லேசான அடிக்கும் எடுப்பதில் ஃபெடரலுக்கும் வின்செஸ்டருக்கும் நல்ல பெயர். ஃபெடரல் 209ஏ சூடான ரகமும்கூட. குளிரில் மெதுவாக எரியும் மருந்தையும் பற்றவைத்துவிடும். செடைட்டின் தீயிலும் சீரிலும் குறை சொல்ல எதுவுமில்லை, கிண்ணம்தான் சற்றுக் கெட்டி என்பது சுடுகிறவர்களிடையே வெகுநாளாக இருக்கும் கருத்து. ஃபயரிங் பின்னை இயக்கும் ஸ்பிரிங் புதிதாக உள்ள துப்பாக்கிக்கு அது பொருட்டே இல்லை. தளர்ந்த ஸ்பிரிங்கில் மற்றவை வெடிக்க, இது மட்டும் நின்றுவிடும். செடைட் தன் பிரைமர்களைப் பல தோட்டாக் கம்பெனிகளுக்கும் விற்கிறது. அதனால் பெட்டியின் பெயரை மாற்றி வாங்கியும் உள்ளே அதே பிரைமர் வர வாய்ப்புண்டு.

தோட்டாவை மறுபடி நிரப்புகிறவர்கள் கவனிக்க வேண்டியது அளவு. செடைட், ஃபியோக்கி போன்ற ஐரோப்பிய பிரைமர்கள் அமெரிக்க பிரைமர்களைவிட ஒரு மயிரிழை பருமன். ஒருமுறை அவற்றை ஏற்றிய தோட்டாக் கூட்டின் துளை விரிந்துவிடும். பிறகு அதில் வின்செஸ்டரை வைத்தால் தொளதொளவென்று நிற்கும். ஃபயரிங் பின் அடித்ததும் பிரைமர் உள்ளே நகர்ந்து, அடியின் வேகம் கலவைக்குப் போய்ச் சேராது. அப்படியே வெடித்தாலும் ஓரமாகக் கசியும் வாயு, ஃபயரிங் பின் வெளிவரும் துளையைச் சுற்றி உலோகத்தை அரித்துக் குழியாக்கும். செடைட்டில் தொடங்கிய கூட்டுக்குக் கடைசிவரை செடைட்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. 70 மி.மீ. நீளமுள்ள 12 போர் தோட்டாவுக்கு, தோட்டாத் தயாரிப்பாளர்களின் தர அமைப்பான அமெரிக்க எஸ்ஏஏஎம்ஐ விதித்த உச்ச அழுத்தம் 11,500 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). மருந்து, மருந்துக்கும் ரவைக்கும் நடுவில் உள்ள தக்கை, ரவை எதையும் தொடாமல் பிரைமரை மட்டும் மாற்றினாலே அழுத்தம் ஆயிரம் பிஎஸ்ஐக்கு மேல் ஏறலாம். தோட்டா நிரப்பும் கையேட்டில் எந்த பிரைமர் போட்டிருக்கிறதோ அதையே போடுங்கள். கிடைக்கவில்லை என்றால் அந்தச் சேர்மானத்தையே விட்டுவிடுங்கள்.

ஆனால் வெடிக்காத எல்லாத் தோட்டாவுக்கும் பிரைமரைத் திட்டுவது நியாயமல்ல. ஃபயரிங் பின் பதித்த பள்ளத்தைப் பாருங்கள். நடுவில், வட்டமாக, ஆழமாகக் குழிந்தும் வெடிக்கவில்லை என்றால் பிரைமரைச் சந்தேகிக்கலாம். குழி மேலோட்டமாகவோ ஓரமாகவோ இருந்தால் துப்பாக்கியைப் பாருங்கள். இரட்டைக் குழலில் ஒரு குழலில் மட்டுமே இது நடந்தால் அந்தப் பக்கத்து ஸ்பிரிங் அல்லது ஃபயரிங் பின்தான் காரணம். இரண்டாம் அடிக்கு வெடித்தால் பிரைமர் சரியாக உட்காராமல் இருந்திருக்கும், முதல் அடி அதை உட்காரவைப்பதிலேயே போயிருக்கும். இல்லையென்றால் ஸ்பிரிங் தளர்ச்சி. பெராட்ஸி எம்எக்ஸ்8 போன்ற இரட்டைக் குழல் துப்பாக்கிகளின் தகட்டு ஸ்பிரிங்கைக் காலாகாலத்தில் மாற்றியாக வேண்டும். பின் ஓடும் துளையில் எண்ணெய் கெட்டிப்பட்டாலும் அடி மந்தமாகும்; சுத்தமாகத் துடைத்து, எண்ணெயைப் பெயருக்கு மட்டும் விடுங்கள்.

பெனெல்லி அரைத்தானியங்கித் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. குழலின் பின்வாயை மூடும் போல்ட்டை மெதுவாக விட்டாலோ, சுமந்து நடக்கையில் அது இடிபட்டு நகர்ந்தாலோ, போல்ட்டின் தலை முழுதும் திரும்பிப் பூட்டாது. 'டிக்' சத்தம் வரும், குழி இருக்காது, இருந்தாலும் புள்ளிபோல் இருக்கும். எந்த பிரைமரை மாற்றியும் இது தீராது. போல்ட்டைப் பிடித்து இறக்காமல் தானாக அடித்து மூடவிட்டு, கைப்பிடியை முன்னே தள்ளிப் பாருங்கள்.

வெடிக்காதபோது குழல்முனை சுடுதளத்தை நோக்கியே இருக்கட்டும். 30 விநாடி பொறுத்துத் திறங்கள்; தீ தாமதமாகப் பிடித்து வெடிப்பதும் உண்டு. ஐஎஸ்எஸ்எஃப் (சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் சம்மேளனம்) போட்டியில் நடுவர் வந்து பார்க்கும்வரை துப்பாக்கியைத் திறக்கவோ சேஃப்டியைத் தொடவோ கூடாது. தெளிவான பின் குழி இருந்தால்தான் அது தோட்டாவின் கோளாறு என்று ஏற்பார். 'புஸ்' என்று சத்தம் தாழ்ந்து வந்தால் இன்னும் ஆபத்து: தக்கை குழலுக்குள் நின்றிருக்கக்கூடும். தோட்டாவை எடுத்துவிட்டு, குழலைக் கழற்றி வெளிச்சத்தில் பார்க்காமல் அடுத்ததைப் போட்டால் குழல் கிழியும்.

ஸ்பிரிங் எப்படி இருக்கிறதென்று தெரியாத பழைய இரட்டைக் குழலுக்கு ஃபெடரல் கோல்ட் மெடல் அல்லது வின்செஸ்டர் ஏஏ தோட்டா வாங்கலாம். விலை கூடத்தான், ஆனாலும் தகும். ஸ்பிரிங் நன்றாக இருந்தால் செடைட் பிரைமர் போட்ட மலிவான தோட்டாவே பயிற்சிக்குப் போதும். எதையும் மொத்தமாக வாங்கும் முன் ஒரே தொகுதி எண்ணில் நாலு பெட்டி வாங்கி, நூறையும் இரு குழலிலும் பாதிப் பாதியாகச் சுட்டு, ஒவ்வொரு காலிக் கூட்டின் குழியையும் பாருங்கள்.