வாடகை வீட்டுக்குப் புதுக்களை: பெயின்ட்டா, துணியா?

கையில் கொஞ்சம்தான் பணம், ஹாலோ களையிழந்து கிடக்கிறது. ஒரு சுவருக்கு மட்டும் பெயின்ட் அடிக்கலாமா, திரைச்சீலையும் விரிப்பும் மாற்றலாமா?

பெயின்ட் பளிச்சென்று தெரியும். ஆனால் டப்பா விலையோடு செலவு நிற்காது: பட்டி, பிரைமர், உப்புத்தாள், ஆள் கூலி. சுவரில் ஓதம் இருந்தால் அடித்ததெல்லாம் உரிந்துவிடும். முதலில் கசிவை அடைக்க வேண்டும். வீட்டுக்காரரிடமும் கேட்டாக வேண்டும். காலி செய்யும்போது போட்ட காசு சுவரோடு போய்விடும்.

துணி நம்மோடு வரும். என் ஓட்டு அதற்குத்தான். கரூர்த் திரைச்சீலை, சென்னிமலைப் படுக்கை விரிப்பு, தரைக்குக் கோடுபோட்ட பவானி ஜமக்காளம்: ஒன்றை மட்டும் இப்போது வாங்கினாலும் அறையின் முகமே மாறும். தீபாவளி சமயத்தில் கோ-ஆப்டெக்ஸில் வழக்கமாக 30 சதவீதத் தள்ளுபடி உண்டு. வெயில் விழும் ஜன்னலுக்கு அடர்நிறம் வேண்டாம், சீக்கிரம் வெளுத்துவிடும்.