இணையம் இல்லாத டெபியன் கணினியில் ஆப்ட்-ஆஃப்லைன்: நெடுநாள் பயன்பாட்டுக்குப் பின்

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் நிரல் தொகுப்புகளை (பேக்கேஜ்), அதாவது டெப் கோப்புகளை, வேறொரு கணினியில் இறக்கி, பென் டிரைவில் கொண்டுவந்து டிபிகேஜி (dpkg) என்ற நிறுவும் கருவியால் ஒவ்வொன்றாக ஏற்றுவதுதான் பலரும் முதலில் எடுக்கும் வழி. ஒரு பேக்கேஜ் ஓட இன்னொன்று வேண்டும் என்ற டிபென்டென்சி சிக்கல் பிறப்பதும் அங்கேதான். டெபியன் 12-இல் இறக்கிய பேக்கேஜ் அடிப்படை நூலகமான லிப்சி6-இன் (libc6) 2.34 பதிப்பாவது வேண்டும் என்று கேட்கும். டெபியன் 11-இல் இருப்பதோ 2.31. டிபென்டென்சியைப் பொருட்படுத்தாதே என்னும் ஃபோர்ஸ்-டிபென்ட்ஸ் தெரிவைப் போட்டு அமுக்கினால் பேக்கேஜ் ஏறும், நிரல் ஓடாது.

டெபியனின் பேக்கேஜ் மேலாளர் ஆப்ட் (apt). அதை இணையமின்றிப் பயன்படுத்த உதவும் ஆப்ட்-ஆஃப்லைனின் (apt-offline) பலமே, எது தேவை என்ற கணக்கை இணையம் இல்லாத கணினியிலேயே போடுவதுதான். இறக்கும் கணினியில் விண்டோஸ் இருந்தாலும் பரவாயில்லை, பைத்தான் போதும்.

பென் டிரைவ் இரண்டு முறை போய்வர வேண்டும். முதல் சுற்றில் செட் கட்டளையை அப்டேட் தெரிவோடு கொடுத்து எவற்றை இறக்க வேண்டும் என்ற பட்டியலான சிக்னேச்சர் கோப்பை எடுங்கள். இணையமுள்ள கணினியில் அதைக் கொடுத்து கெட் கட்டளை. திரும்பி வந்து இன்ஸ்டால் கட்டளை. இப்போது பேக்கேஜ் பட்டியல்கள் மட்டுமே புதிதாகியிருக்கும். இரண்டாவது சுற்றில் அப்கிரேட் தெரிவு, வகை டிஸ்ட்-அப்கிரேட். பேக்கேஜ்கள் வருவது இதில்தான். இரண்டாவது சிக்னேச்சர் எடுத்த பிறகு அந்தக் கணினியில் எதையும் ஏற்றவோ நீக்கவோ கூடாது, கணக்கு மாறிவிடும்.

11-இலிருந்து 12-க்குப் போகிறவர்கள் முதல் சுற்றுக்கு முன்பே பேக்கேஜ் மூலங்களைக் குறிக்கும் சோர்சஸ்.லிஸ்ட் கோப்பில் பெயரை புக்வோர்ம் (டெபியன் 12-இன் பெயர்) என மாற்றுங்கள். கட்டற்றதல்லாத மென்பொருளுக்கான நான்-ஃப்ரீ பிரிவிலிருந்து ஃபர்ம்வேர் (வன்பொருளுக்கான மென்பொருள்) எடுப்பவர்கள் நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் பிரிவையும் சேர்க்க வேண்டும்; 12-இல் அது தனியாகிவிட்டது. மறந்தால் இன்னொரு சுற்று அலைச்சல். ஏற்றும்போது முதலில் புதிய பேக்கேஜ் சேர்க்காத அப்கிரேட், பிறகு ஃபுல்-அப்கிரேட்.

குறை என்றால், ஏற்கெனவே பாதியில் நிற்கும் பேக்கேஜ் இருந்தால் ஆப்ட் கணக்குப் போடவே மறுக்கும். பழுது நீக்கும் ஃபிக்ஸ்-ப்ரோக்கன் தெரிவைக் கொடுத்தால் இல்லாத இணையத்தைத் தேடும். சிக்கலுக்குக் காரணமான பேக்கேஜை டிபிகேஜியால் நீக்கிவிட்டுத் தொடங்குவதே நல்லது. புதுப்பிக்காமல் நிறுத்திவைக்க ஆப்ட்-மார்க்கில் ஹோல்டு போட்டவற்றையும் அப்போதே பாருங்கள்.

பல கணினிகள் என்றால் மிரரை (பேக்கேஜ் களஞ்சியத்தின் நகல்) ஹார்ட் டிஸ்க்கில் வைப்பதே மேல். ஆனால் செக்யூரிட்டி, அப்டேட்ஸ் பிரிவுகளின் ரிலீஸ் கோப்புகள் (களஞ்சியத்தின் விவரக் கோப்புகள்) சில நாட்களில் காலாவதியாகும்; சோர்சஸ்.லிஸ்ட்டில் அந்த வரிகளில் மட்டும் செக்-வாலிட்-அன்டில்=நோ சேர்த்தால் போதும். கணினியின் கடிகாரத்தை ஓட்டும் சிமாஸ் பேட்டரி தீர்ந்து கடிகாரம் பின்தங்கியிருந்தால் ரிலீஸ் கோப்பை 'இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று ஆப்ட் ஒதுக்கும். தேதியைச் சரிசெய்தாலே தீரும்.

மைக்ரோசாஃப்ட் எழுத்துரு நிறுவி போன்ற சில பேக்கேஜ்கள் ஏறும்போதுதான் உள்ளடக்கத்தை இணையத்திலிருந்து எடுக்கும். அந்தக் கோப்புகளைத் தனியாகக் கொண்டுவந்து வைக்க வேண்டும்.