குட்டி ஆமை வாங்கப் போகிறீர்களா? முதலில் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

எட்டு மாதத்துக்கு முன்னால் இரண்டு குட்டி நில ஆமைகள் வாங்கினேன். இப்போது ஒன்றுதான் இருக்கிறது. இன்னொன்று என் கண்ணெதிரே கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போனது. அதற்கு முழுக் காரணம் விற்றவர் சொன்ன பொய்களும் அவர் என் தலையில் கட்டிய சாமான்களும்தான். கடையின் பெயரைப் போடப் போவதில்லை. இதே பேச்சைப் பேசி விற்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அதனால் பேச்சைத்தான் நீங்கள் அடையாளம் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் பொய் இனத்தைப் பற்றியது. "அக்கா, இது ரஷ்ய ஆமை, உள்ளங்கையைவிடக் கொஞ்சம்தான் பெரிசாகும், அதோட நின்னுடும். நிலாவைச் சுத்தி வந்த இனம் இது" என்றார். நிலா விஷயம் உண்மை. 1968ல் சோவியத் விண்கலம் ஸோண்ட் 5, அந்த இனத்து ஆமைகள் இரண்டைச் சுமந்துகொண்டு நிலாவைச் சுற்றித் திரும்பியது. வீட்டுக்கு வந்து அதைத் தேடிப் பார்த்தேன், சரியாக இருந்தது, அதனாலேயே அவர் சொன்ன மற்ற எல்லாவற்றையும் நம்பிவிட்டேன். இரண்டாவது பொய், "ஜோடி அக்கா, ஒண்ணு ஆண், ஒண்ணு பெண், பிரிச்சா ஏங்கிப்போயிடும்." மூன்றாவது, "ஆறு மாசக் குட்டி, இனிமே ஒண்ணும் ஆகாது." அப்புறம் ஒரு வெள்ளரித் துண்டைப் போட்டார், இரண்டும் ஓடிவந்து கடித்தன. என் மகள் கைதட்டினாள். அதோடு முடிந்தது.

அன்றைக்கே ஒரு 'ஃபுல் செட்' எடுத்துவைத்தார். கண்ணாடித் தொட்டி, ஒரு பல்பு, கால்சியம் மணல் என்று ஒரு பொட்டலம், சூடாகும் கல் ஒன்று, ஒரு டப்பா தீனி, ஒரு சின்ன பாட்டிலில் பூச்சி மருந்து. ஆமைகளின் விலையைவிட இந்த செட்டின் விலைதான் அதிகம். அந்த செட்டில் ஒரே ஒரு பொருள்கூடக் குட்டி ஆமைக்கு ஏற்றதில்லை என்று எனக்குத் தெரியவந்தபோது பத்து வாரம் ஓடிவிட்டது.

முதல் மாதம் நன்றாகத்தான் போனது, அல்லது அப்படித் தோன்றியது. பெரிசு எப்போதும் பல்புக்கு அடியிலேயே கிடக்கும், சின்னது ஒரு மூலையில் மணலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டிருக்கும். ஒன்றோடொன்று சண்டை போடவில்லை, கடிக்கவில்லை, அதனால் ஒற்றுமையாக இருக்கின்றன என்று நினைத்தேன். ஆறாவது வாரம் சின்னதின் மூக்கில் ஒரு குமிழ். மூச்சு விடும்போது பெரிதாகும், உள்ளே இழுக்கும்போது சுருங்கும், கடுகளவுதான் இருக்கும். கடைக்காரருக்கு வீடியோ அனுப்பினேன். "சளிதான் அக்கா, வெந்நீர்ல காட்டுங்க, சரியாயிடும்" என்று பதில். அப்புறம் முதுகு ஓடு. குளிப்பாட்டும்போது விரல் பட்ட இடம் லேசாக உள்ளே போய்த் திரும்பி வந்தது, பழைய தண்ணீர் பாட்டிலை அழுத்தினால் வருமே, அந்த மாதிரி. அதையும் கேட்டேன். "குட்டி ஓடு அப்படித்தான் இருக்கும்." இதில் பாதி உண்மை இருப்பதுதான் கொடுமை. பிறந்த புதிதில் ஓடு கொஞ்சம் நெகிழும். ஆனால் நாளாக ஆக அது இறுக வேண்டும், எங்களுடையது நாளாக ஆக இளகியது.

பூனை, நாய் பார்க்கிற டாக்டர் ஊர்வன பார்ப்பவரிடம் போகச் சொன்னார், அந்த ஊர்வன டாக்டரின் மேசையில்தான் ஒவ்வொரு பொய்யாக உடைந்தது. பெரிசைத் தூக்கி அதன் முன்னங்காலை விளக்குக்கு நேராகப் பிடித்து, "நீங்களே நகத்தை எண்ணுங்கள்" என்றார். எண்ணினேன். ஐந்து. ரஷ்ய ஆமைக்கு முன்னங்காலிலும் நான்குதான் இருக்கும். கழுத்துக்கு மேலே ஓட்டின் விளிம்பில் நடுவே இருக்க வேண்டிய குட்டித் தகடும் இதற்கு இல்லை. இது ஆப்பிரிக்காவின் சுல்கட்டா. கலாபகோஸ், அல்டாப்ரா ஆமைகளுக்கு அடுத்தபடியாக உலகிலேயே பெரிய நில ஆமை இதுதான், வளர்ந்தால் 40 கிலோவைத் தாண்டும், மண்ணில் ஆள் படுக்கிற அளவுக்கு வளை தோண்டும், நம்மைவிட அதிக நாள் வாழக்கூடியது. உள்ளங்கை அளவு என்று சொல்லி எனக்கு விற்றது இதைத்தான்.

வாங்கிய அன்று மகள் எடுத்த போட்டோவை டாக்டர் பெரிதாக்கிப் பார்த்தார். மேல் உதட்டின் நுனியில் ஒரு வெள்ளைப் புள்ளி. முட்டையை உடைக்க உதவும் பல் அது, பொரிந்த சில வாரங்களில் விழுந்துவிடும். ஆறு மாதக் குட்டிக்கு அது இருக்காது. அப்புறம் ஜோடி விஷயம். ஆமைக் குட்டி ஆணா பெண்ணா என்பதை முட்டை இருந்த இடத்தின் வெப்பம் தீர்மானிக்கிறது, அது வெளியே தெரிய வருஷக்கணக்கில் ஆகும், வால் நீளத்தையும் வயிற்றுப் பக்கத்துக் குழிவையும் வைத்துத்தான் சொல்ல முடியும். இரண்டங்குலக் குட்டியைக் காட்டி ஜோடி என்று சொல்கிறவர் உங்களிடம் இரண்டு ஆமை விற்கப் பார்க்கிறார், அவ்வளவுதான். நில ஆமைகளுக்குத் துணை தேவையில்லை. பெரிசு வெதுவெதுப்பான இடத்தைப் பிடித்துக்கொண்டு சின்னதை மூலைக்குத் தள்ளியிருந்தது, நான் ஒற்றுமை என்று நினைத்தது அதைத்தான்.

ஓடு இளகியதற்குக் காரணம் பல்பு. அதன் அட்டையைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். அதில் வாட் அளவும் 'பகல் ஒளி' என்ற வார்த்தையும் மட்டும்தான் இருந்தன, யூவிபி என்ற எழுத்தே இல்லை. வெயிலில் இருக்கும் அந்தப் புற ஊதாக் கதிர் தோலில் பட்டால்தான் ஆமையின் உடம்பில் வைட்டமின் டி3 உருவாகும், அது இல்லாமல் தீனியில் இருக்கும் கால்சியம் உடம்பில் சேராது. உடம்பு தனக்கு வேண்டிய கால்சியத்தை எலும்பிலிருந்தும் ஓட்டிலிருந்தும் உருவி எடுத்துக்கொள்ளும். என் பல்பு வெளிச்சம் கொடுத்தது, சூடு கொடுத்தது, அவ்வளவுதான். பத்து வாரமும் அந்த இரண்டும் இருட்டில் இருந்ததற்குச் சமம். நல்ல யூவிபி விளக்கே வாங்கினாலும் கண்ணாடி மூடிக்கு மேல் வைத்தால் பயனில்லை, கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். ஜன்னலோர வெயிலும் அதே கதைதான். ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷத்துக்குள் விளக்கை மாற்றவும் வேண்டும், எரிந்துகொண்டே இருக்கும், ஆனால் கதிர் குறைந்துபோயிருக்கும்.

மூக்கு ஒழுகலையும் தயவுசெய்து லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நமக்கு இருப்பது போன்ற உதரவிதானம் ஆமைக்கு இல்லை, இருமிச் சளியை வெளியே தள்ள அதனால் முடியாது, நுரையீரலில் இறங்கினால் அங்கேயே தங்கிவிடும்.

பூச்சி மருந்து பாட்டிலைப் பார்த்ததும் டாக்டரின் முகம் மாறியது. "இதைக் கொடுத்தீர்களா?" என்று இரண்டு முறை கேட்டார். நல்லவேளை, கொடுக்கவில்லை, பயமாக இருந்ததால் திறக்கவே இல்லை. அதில் இருந்தது ஐவர்மெக்டின். மாட்டுக்கும் நாய்க்கும் கொடுக்கிற மருந்துதான், ஆனால் ஆமைக்குக் கொடுத்தால் கைகால் செயலிழந்து செத்துப்போகும். ஆமை விற்கிற கடையில், ஆமைக்கு என்று சொல்லிக் கொடுத்த பாட்டில் அது. இந்தப் பதிவில் வேறு எது மறந்தாலும் அந்தப் பெயரை மட்டும் மறக்காதீர்கள்.

சின்னது அன்றைக்கு 31 கிராம் இருந்தது. ஊசி போட்டார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள், வீட்டில் நான் ராத்திரி எல்லாம் எழுந்து எழுந்து பார்த்தேன். ஒன்பதாம் நாள் காலையில் கழுத்தை நீட்டியபடியே கிடந்தது. மகள் பள்ளிக்குப் போன பிறகுதான் தொட்டேன்.

கடைக்குப் போனேன். "உயிருள்ளதுக்கு கியாரண்டி கிடையாது அக்கா" என்றார். அவர் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் இன்னும் ஏழெட்டுக் குட்டிகள், அதே வெள்ளரித் துண்டு. பணம் திரும்ப வரவில்லை, அதற்காக இதை எழுதவும் இல்லை. அந்த ஏழெட்டை யாரோ வாங்கப் போகிறார்கள், அதற்காக எழுதுகிறேன்.

வாங்கியே ஆக வேண்டும் என்றால் ஆமையையும் கூண்டையும் ஒரே நாளில், ஒரே ஆளிடம் வாங்காதீர்கள். முதலில் இடத்தைத் தயார்செய்து ஒரு வாரம் வெப்பமானி வைத்துப் பாருங்கள். இப்போது என்னிடம் இருப்பது பக்கம் மறைத்த அகலமான மரப்பெட்டி. விளக்குக்கு நேர்கீழே 35 டிகிரி, எதிர்மூலையில் 27. தரையில் ஈரத் தேங்காய்நார்த் தூள். குட்டிகளைக் காய்ந்த மணலில் வளர்த்தால் ஓட்டுத் தகடுகள் ஒவ்வொன்றும் கூம்பு கூம்பாக மேலே எழும்பும். சத்தான தீனி அதிகமானதால் அப்படி ஆகிறது என்றுதான் பலரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள், 2003ல் வெளிவந்த ஓர் ஆய்வு சுல்கட்டாக் குட்டிகளை வைத்தே பார்த்தபோது காற்றின் ஈரம்தான் முக்கியக் காரணம் என்று தெரிந்தது. மணலைத் தின்றால் குடல் அடைக்கும் ஆபத்து வேறு.

குட்டியைப் பார்க்கும்போது தீனி தின்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள், வெள்ளரியை நோயாளிக் குட்டியும் தின்னும். கையில் எடுங்கள். கால்கள் காற்றில் நீந்துவது மாதிரி அடித்துக்கொள்ள வேண்டும், காலை லேசாக இழுத்தால் வெடுக்கென்று உள்ளே போக வேண்டும். கண் முழுதாகத் திறந்து, மூக்கு காய்ந்து, பின்பக்கம் சுத்தமாக இருக்க வேண்டும். என்றைக்குப் பொரிந்தது, வாராவாரம் எடை என்ன, தாய் ஆமை எங்கே என்று கேளுங்கள், உண்மையாக வளர்க்கிறவர் இதையெல்லாம் ஆசையாகக் காட்டுவார். "பேப்பர் எல்லாம் தேவையில்லை" என்று அவராகவே சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். நில ஆமைக் குடும்பம் முழுவதும் சைட்ஸ் என்ற உலக வணிக ஒப்பந்தப் பட்டியல்களில் இருக்கிறது, நட்சத்திர ஆமையை 2019ல் மிகக் கடுமையான முதல் பட்டியலுக்கே மாற்றினார்கள். உங்கள் நாட்டுச் சட்டம் என்ன கேட்கிறது என்பதை வாங்குவதற்கு முன்னாலேயே பார்த்துவிடுங்கள்.

பெரிசு பிழைத்துக்கொண்டது. தினமும் தாடை வரைக்கும் வெதுவெதுப்பான தண்ணீரில் 20 நிமிஷம் உட்காரவைக்கிறோம், புல்லும் செம்பருத்தி இலையும் முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளியும் தின்கிறது, கணவாய் ஓடு ஒன்றைப் போட்டால் தேவைப்படும்போது கொறிக்கிறது. ஓடு இறுகிவிட்டது, முதல் வரிசைத் தகடுகளில் மட்டும் அந்தக் காய்ந்த மணல் நாட்களின் மேடு அப்படியே நிற்கிறது, அது இனி போகாது என்றார் டாக்டர். இந்த ஞாயிறு எடை 268 கிராம். இது 40 கிலோ ஆகும்போது எங்கே வைப்பது என்று வீட்டில் இப்போதே பேசிக்கொண்டிருக்கிறோம்.