பழைய எம்.ஜி. காருக்கு மரச்சட்டம் வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்

42,000 ராண்ட் போயிற்று. சட்டம் செய்து தந்த பட்டறைக்கு நேற்று அனுப்பிய மெசேஜ் இன்னும் ஒற்றை டிக்கோடு நிற்கிறது, பிளாக் செய்துவிட்டார்கள், இனிமேல் பொறுமையாக இருந்து ஒன்றும் ஆகப்போவதில்லை என்பதால் எழுதுகிறேன். டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் பழைய வண்டி வைத்திருக்கும் நம் ஆட்கள் இன்னொருவர் இவர்களிடம் மாட்டக்கூடாது.

கார் 1948 எம்.ஜி. டி.சி., பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், என் பெரியப்பாவுடையது. சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டு காரேஜில் வைத்துப் பிரித்து வேலை செய்துகொண்டிருக்கிறேன். 1250 சி.சி. எஞ்சின், அதை நானே இறக்கிச் சரிசெய்து ஏற்றிவிட்டேன். பிரச்சினை பாடியில். இந்த வண்டிக்கு சேசிஸ், அதாவது அடிச்சட்டம், இரும்பு, அதன்மேல் உட்காரும் பாடி ஆஷ் மரச்சட்டம், சட்டத்தின் மேல் தகடை மடித்து ஆணி அடித்திருப்பார்கள். ஓடும்போது சேசிஸ் முறுக்கும், ஆஷ் அதற்கு வளைந்து கொடுக்கும், சட்டென்று உடையாது. மோர்கன் கம்பெனி இன்றுவரை அந்த மரத்தை விடாததற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் ஈரம் நின்றால் ஆஷ் சீக்கிரம் உளுத்துவிடும், டர்பன் கடற்காற்றில் கேட்கவே வேண்டாம். கதவுத் தூண்களின் அடியை விரலால் நோண்டினால் காப்பித்தூளாகக் கொட்டியது.

பழைய பொருள் விற்கும் ஒரு ஆன்லைன் தளத்தில் விளம்பரம் பார்த்தேன், ஜோஹன்னஸ்பர்க் பக்கம் ஒரு தச்சுப் பட்டறை, டி.சி.க்கு முழு ஆஷ் சட்டம் செய்து தருவதாக. போன் செய்தேன். என் பெயரைக் கேட்டதுமே "வணக்கம் அண்ணா" என்றான். அவனுடைய பாட்டி டோங்காட்டில் கரும்புத் தோட்டத்து வீட்டில் பிறந்தவராம், தமிழ் கொஞ்சம் கொஞ்சம் பேசினான், கேட்க சந்தோஷமாக இருந்தது. ஆனால் நான் நம்பியது அதனால் இல்லை. "உங்கள் பழைய மரத்தை அனுப்புங்கள் அண்ணா, எல்லாம் கையால் கட்டின பாடி, ஒரு டி.சி. மாதிரி இன்னொன்று இருக்காது, அதை வைத்துத்தான் அளவு எடுக்கணும்" என்றான். அது உண்மை. வேலை தெரிந்தவன்தான் அதைச் சொல்வான். முன்பு செய்த சட்டங்களின் படம் கேட்டேன், வந்தது. பலகையின் வீடியோ கேட்டேன், அதுவும் வந்தது, நல்ல ஆஷ்தான், ரேகை தெளிவாகத் தெரிந்தது. பட்டறை பெயர் அச்சடித்த பில் வந்தது. அப்புறம்தான் 25,000 கட்டினேன், அனுப்புவதற்கு முன் 17,000. மொத்தம் 42,000 ராண்ட். பழைய தூண்கள் இரண்டிலும் நீல மார்க்கரால் "இ", "வ" என்று இடம் வலம் எழுதி, கூரியரில் அனுப்பி வைத்தேன்.

வந்ததைப் பாருங்கள். சட்டம் முழுக்க சாம்பல் நிற பிரைமர். "பூச்சி அரிக்காமல் இருக்க" என்றார்கள். சேசிஸில் வைத்தால் கதவுக் கீல் மாட்டும் தூண் வெளிப்பக்கம் சாய்ந்து நிற்கிறது. டி.சி.யில் கதவு பின்பக்கக் கீலில்தான் தொங்கும், முன்பக்கமாகத் திறக்கும், தூண் சாய்ந்தால் பூட்டு கொக்கியில் உட்காராது, ஓடும்போது காற்று கதவைப் பிய்த்துத் திறந்துவிடும். உயிர் போகிற விஷயம் இது! சந்தேகம் வந்து ஒரு முனையை இழைப்புளியால் சீவினேன். பிரைமருக்கு அடியில் செக்கச்செவேலென்று மெரான்டி. வெட்டுமுனையில் ஆஷுக்கு இருக்க வேண்டிய ஆண்டு வளையமே இல்லை, பிசின் ஓடிய வெள்ளைக் கோடுகள்தான். இங்கே ஜன்னலுக்கும் வாசற்கதவுக்கும் போடுகிற அதே மரம். மூட்டுகளில் பித்தளை ஸ்க்ரூ என்று பில்லில் இருக்கிறது, உள்ளே இருந்தது ஜிப்சம் பலகைக்கு அடிக்கும் கறுப்பு ஸ்க்ரூ, இடைவெளியெல்லாம் பட்டி போட்டு அடைத்திருக்கிறார்கள்.

போன் செய்தால் முதலில் "டர்பன் ஈரத்துக்கு மரம் விரிந்திருக்கும் அண்ணா, இடையில் மெல்லிய ஷிம் துண்டு வைத்தால் சரியாகிவிடும்" என்றான். விரிந்தால் மரமே மாறிவிடுமா? படம் அனுப்பினேன். கூரியர்காரன் மாற்றியிருப்பானாம். அப்புறம் வேறு ஒருவர் எடுத்தார், முதலாளி ஊரில் இல்லை என்றார். 2008 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி குறையுள்ள பொருளை 6 மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம், சரிசெய்வதா, மாற்றுவதா, பணமா என்று வாங்கியவர்தான் முடிவு செய்வார் என்று எழுதினேன். வந்த பதில்: "சார், நாங்கள் கம்பெனி இல்லை, வீட்டில் செய்கிற சின்ன வேலை." பில்லில் பட்டறை பெயர், முத்திரை எல்லாம் இருக்கிறது. அண்ணா போய் சார் ஆனதும் எனக்குப் புரிந்துவிட்டது.

விளம்பரம் போட்ட தளத்துக்குப் புகார் அனுப்பினால், நாங்கள் விளம்பரப் பலகை மட்டும்தான், பேரம் உங்களுக்குள் என்று ஒரே மாதிரி பதில் திரும்பத் திரும்ப வருகிறது.

போன வாரம் அதே தளத்தில் புதுப் பெயரில் புது விளம்பரம். "வேலைக்கு முன்" என்று ஒரு படம், உளுத்த தூண், அதில் நீல மார்க்கரில் "வ". என் தூண். என் கையெழுத்து. அதைத் திருப்பித் தரச் சொல்லி எத்தனை தடவை கேட்டிருப்பேன், பணத்தைவிட எனக்கு அதுதான் வயிற்றெரிச்சல், அந்த அளவு வேறெங்கும் கிடைக்காது.

சரி, வாங்கப் போகிறவர்களுக்குச் சில விஷயம் சொல்லலாம் என்றுதான் ஆரம்பித்தேன், இப்போது எழுதும் நிலையில் இல்லை, முக்கியமானது மட்டும். பெயிண்டோ பிரைமரோ அடித்த சட்டத்தை வாங்காதீர்கள், பூச்சு இல்லாத வெறும் மரமாகக் கேளுங்கள், வெட்டுமுனையைப் பாருங்கள். பழைய மரத்தைப் பிளைவுட்டில் வரைந்து வெட்டி வைக்காமல் கையை விட்டு அனுப்பாதீர்கள். நேரில் போய்ப் பார்க்கும்வரை மீதிப் பணம் கட்டாதீர்கள். சிறு வழக்கு நீதிமன்றத்தில் உச்சவரம்பு 20,000 ராண்ட்தான், நான் அங்கே போனால் 22,000ஐ விட்டுக்கொடுத்துத்தான் கேட்க வேண்டும், அதனால் பெரிய தொகையை ஒரே ஆளிடம் கொடுக்கும் முன் யோசியுங்கள்.

யாரிடமாவது டி.சி. பாடி மரம் கெடாமல் இருந்தால் சொல்லுங்கள். வலப்பக்கத் தூண் மட்டும் போதும், நானே தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு வந்து வரைந்துகொள்கிறேன், வெரூலம், ஸ்டாங்கர் எங்கே இருந்தாலும் வருவேன்.