வாடகை பாக்கி: தவணையா, பிடித்தமா, கடனா, கோர்ட்டா?

இங்கிலாந்தில் கவுன்சில் வீட்டிலோ ஹவுசிங் அசோசியேஷன் வீட்டிலோ இருக்கிறவருக்கு வாடகை பாக்கி விழுந்தால் வழிகள் ஏழெட்டு இருக்கின்றன. ஆனால் கடிதம் வந்த அன்று மனசுக்கு வருவது இரண்டுதான். ஒன்று, கடிதத்தைப் பிரிக்காமல் மைக்ரோவேவ் மேல் வைப்பது. இன்னொன்று, யாரிடமாவது கைமாற்று வாங்கி மொத்தமாகக் கட்டித் தொலைப்பது. நான் முதலாவதைச் செய்தவன். வேலையில் மணிநேரம் குறைந்து, பாக்கி 780 பவுண்டு வரை ஏறி, நாலாவது கடிதத்தை மகள் எடுத்துப் படித்துவிட்டு "அப்பா, இதில கோர்ட் என்று போட்டிருக்கு" என்று சொன்ன பிறகுதான் உட்கார்ந்து எல்லா வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அப்போதிலிருந்து ஒரே கேள்வியை வைத்துத்தான் எல்லாவற்றையும் அளக்கிறேன்: மாதம் எவ்வளவு கட்டுவது என்பதை எழுதும் பேனா யார் கையில் இருக்கிறது? (இது இங்கிலாந்துக் கதை, ஸ்காட்லாந்தில் சட்டம் வேறு.)

ஒப்பிடுவதற்கு முன்னால் கணக்கைச் சரிபாருங்கள். பாக்கியில் ஒரு பகுதி பல பேருக்கு வெறும் கணக்குப் பிசகில் வந்தது. வார வாடகை 120 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு நாலு வாரம்தானே என்று 480 கட்டி வருவீர்கள். ஆனால் வருஷத்துக்கு 52 வாரம், அதைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 520. நாற்பது நாற்பதாகச் சேர்ந்து வருஷக் கடைசியில் 480 பவுண்டு பாக்கி, நீங்களோ ஒரு மாதம்கூடத் தவறவில்லை என்று சத்தியம் செய்வீர்கள். இதில் வாடகை விழும் திங்கட்கிழமை 53 தடவை வரும் வருஷம் வேறு உண்டு, 2024-25 அப்படித்தான் இருந்தது. யூனிவர்சல் கிரெடிட் (சுருக்கமாக யூசி, வருமானம் குறைந்தவருக்கு அரசு தரும் மாத உதவித்தொகை) 52 வாரத்துக்குத்தான் கணக்குப் போடும், மிச்ச ஒரு வாரம் உங்கள் தலையில். அப்புறம் கூடுதல் படுக்கையறை இருந்தால் ஒன்றுக்கு 14 சதவீதமும், இரண்டோ அதற்கு மேலோ என்றால் 25 சதவீதமும் உதவித்தொகையின் வாடகைப் பகுதியில் வெட்டு. எந்தத் தேதியில் எதனால் விழுந்தது என்று ஸ்டேட்மென்டை வாங்கிப் பார்க்காமல் "ஆமாம், பாக்கிதான்" என்று போனில் ஒத்துக்கொள்ள வேண்டாம்.

தவணை ஒப்பந்தமும் யூசி பிடித்தமும்

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும்தான், மற்றதெல்லாம் சூழ்நிலையைப் பொறுத்தது.

தவணை என்றால் நீங்களே வாடகை ஆபிசரோடு பேசி, நடப்பு வாடகையோடு இவ்வளவு சேர்த்துத் தருகிறேன் என்று ஒத்துக்கொள்வது. போன் எடுக்கவே வயிற்றைக் கலக்கும், தெரியும். ஆனால் சட்டம் இந்த இடத்தில் நாம் நினைப்பதைவிட நம் பக்கம் இருக்கிறது. சமூக வீட்டுரிமையாளர்கள், அதாவது கவுன்சிலும் ஹவுசிங் அசோசியேஷனும், கோர்ட்டுக்குப் போகும் முன் பின்பற்ற வேண்டிய நடைமுறை ஒன்று உண்டு, ப்ரீ-ஆக்‌ஷன் புரோட்டோகால் என்பார்கள். பாக்கி விழுந்ததும் அவர்களே உங்களோடு பேச வேண்டும், உங்கள் வருமானத்துக்குக் கட்டுப்படியாகும் தொகையைப் பார்க்க வேண்டும், பெனிபிட் விண்ணப்பத்துக்கு உதவ வேண்டும். ஒத்துக்கொண்ட தவணையை நீங்கள் ஒழுங்காகக் கட்டி வந்தால் வழக்குப் போடுவதைத் தள்ளிவைக்க வேண்டும். என்னிடம் முதலில் கேட்டது மாதம் 100. வரவு செலவை ஒரு தாளில் எழுதி அனுப்பி, 30க்கு மேல் முடியாது என்றேன். இரண்டு நாள் இழுத்தடித்தார்கள், பிறகு ஒத்துக்கொண்டார்கள். இருபத்தாறு மாதம் ஆகும், ஆகட்டுமே. சமூக வீட்டு வாடகை பாக்கிக்குப் பெரும்பாலும் வட்டி கிடையாது, அதனால் மெதுவாகக் கட்டுவதால் கூடுதலாக ஒரு பென்னிகூடப் போகாது. இதை யாரும் சொல்லித்தர மாட்டார்கள்.

பயத்தில் 100க்குத் தலையாட்டி, மூன்றாவது மாதம் தவறுவதுதான் இந்த வழியில் நடக்கும் பெரிய தப்பு. முறிந்த ஒப்பந்தம் கோர்ட் ஃபைலில் உங்களுக்கு எதிராக நிற்கும். பத்துப் பவுண்டு ஒப்பந்தம் ஓடிக்கொண்டிருந்தால் உங்களுக்கு ஆதரவாக நிற்கும்.

இப்போது பிடித்தம். வீட்டுரிமையாளர் யூசி தரும் அரசுத் துறையான டி.டபிள்யூ.பி.க்கு எழுதி, உங்கள் யூசியிலிருந்தே பாக்கியை நேராக எடுத்துக்கொள்வது. போன் பேச வேண்டாம், மறக்கவும் மாட்டீர்கள், அதனால் சில பேருக்கு இது நிம்மதியாகத் தோன்றும். ஆனால் தொகையைப் பாருங்கள். வாடகைப் பாக்கிக்கான பிடித்தம் அடிப்படைத் தொகையில் 10 முதல் 20 சதவீதம். 25 வயதைத் தாண்டிய தம்பதிக்கு 2025-26ல் அடிப்படை மாதம் 628 பவுண்டு 10 பென்ஸ், அதில் ஆகக் குறைந்த பிடித்தமே 62 பவுண்டு 81. நான் பேசி வாங்கிய முப்பதை விட இரண்டு மடங்கு! எல்லாப் பிடித்தங்களுக்கும் சேர்த்து 2025 ஏப்ரலிலிருந்து பொதுவான உச்சவரம்பு 25லிருந்து 15 சதவீதமாக இறங்கியது உண்மைதான், ஆனால் வீடு பறிபோகும் ஆபத்து இருந்தால் வாடகைப் பிடித்தம் அதையும் தாண்டலாம். யூசி தொடங்கும்போது முன்பணமாக வாங்கிய அட்வான்ஸ் வேறு அதே தொகையிலிருந்து போய்க்கொண்டிருக்கும். மிச்சத்தில் கேஸும் கரண்டும் சாப்பாடும்.

இன்னொரு விஷயமும் நடந்தது. வீட்டுரிமையாளர் கேட்டதும், வாடகைதாரரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் டி.டபிள்யூ.பி. தானாகவே ஒப்புதல் கொடுத்து வந்த முறை தவறு என்று 2025 ஜனவரியில் ஹைகோர்ட் தீர்ப்புச் சொன்னது. ஆகவே ஜர்னலில் (யூசியின் ஆன்லைன் கணக்கில் செய்தி வரும் இடம்) அப்படி ஏதாவது செய்தி வந்தால் உடனே பதில் எழுதுங்கள்: எனக்கு ஏற்கெனவே தவணை ஒப்பந்தம் இருக்கிறது, இந்தத் தொகை கட்டுப்படியாகாது, இதோ என் செலவுக் கணக்கு.

பிடித்தத்தையும், நடப்பு வாடகை நேராக வீட்டுரிமையாளருக்குப் போவதையும் போட்டுக் குழப்ப வேண்டாம். இரண்டாவதில் உங்கள் கையிலிருந்து கூடுதலாக எதுவும் போவதில்லை, வாடகைக்கென வருவது வாடகைக்கே போகிறது. கையில் காசு இருந்தால் செலவாகிவிடும் வீடு என்றால் (எங்கள் வீடு அப்படித்தான்) அதை நீங்களே கேட்டு வாங்கலாம். என் தீர்ப்பு: நடப்பு வாடகை நேராகப் போகட்டும், பாக்கி மட்டும் தவணையில். பிடித்தம் என்பது வேறு வழியே இல்லாதவருக்கு.

கடன் வாங்கிக் கட்டினால்?

சீட்டு எடுத்தோ, கிரெடிட் கார்டில் எடுத்தோ, மைத்துனரிடம் வாங்கியோ மொத்தமாகக் கட்டுவது மானத்தைக் காப்பாற்றியதுபோல இருக்கும். கணக்காகப் பார்த்தால், வட்டி இல்லாத கடனை வட்டியுள்ள கடனாக மாற்றுகிறீர்கள். எதிர்வாதமும் நியாயம்தான்: கார்டுக்காரன் வீட்டை எடுக்க மாட்டான், வீட்டுரிமையாளர் எடுப்பார், அதனால்தான் வாடகையை முன்னுரிமைக் கடன் என்கிறார்கள். ஆனால் தவணைக்குச் சம்மதிக்கும் வீட்டுரிமையாளர் இருக்கும்போது அந்த வாதம் எடுபடாது.

ஒரே ஒரு இடத்தில் கடன் வாங்குவதை நான் ஆதரிப்பேன். ஹவுசிங் அசோசியேஷனின் அஷ்யூர்டு ஒப்பந்தங்களில் கிரவுண்ட் 8 என்று வீட்டைத் திருப்பிக் கேட்க ஒரு கட்டாயக் காரணம் உண்டு. நோட்டீஸ் தேதியிலும் விசாரணைத் தேதியிலும் பாக்கி குறிப்பிட்ட வரம்பைத் தொட்டிருந்தால், காலி செய்யும் உத்தரவை நீதிபதி விரும்பினாலும் மறுக்க முடியாது. வார வாடகைக்கு இந்த வரம்பு 8 வாரமாக இருந்தது. 2025ல் வந்த வாடகைதாரர் உரிமைச் சட்டம் அதை 13 வாரமாக உயர்த்துகிறது, அது படிப்படியாக அமலுக்கு வருகிறது. விசாரணைக்கு முந்தைய நாள் வரம்புக்குக் கொஞ்சம் கீழே இறக்க 150 பவுண்டுதான் தேவை என்றால், மைத்துனரிடம் கேளுங்கள், வெட்கப்படாதீர்கள். கவுன்சிலின் செக்யூர் ஒப்பந்தத்தில் கிரவுண்ட் 8 கிடையாது. ஆகவே உங்களிடம் இருப்பது எந்த ஒப்பந்தம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். லைசென்ஸ் இல்லாமல் பத்துக்கு இரண்டு வட்டிக்கு விடுகிறவர்களைப் பற்றி நான் சொல்லவே தேவையில்லை.

ப்ரீதிங் ஸ்பேஸ், டி.ஆர்.ஓ.

பாக்கி வாடகை மட்டும் என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். கார்டு, கவுன்சில் டாக்ஸ், கரண்ட் பில் எல்லாம் சேர்ந்து கழுத்தை நெரிக்கிறவருக்குத்தான் இது.

ப்ரீதிங் ஸ்பேஸ் 2021 மே மாதம் தொடங்கிய திட்டம். கடன் ஆலோசகர் வழியாகத்தான் கிடைக்கும், 60 நாளுக்குக் கடன்காரர்கள் கையைக் கட்டிப்போடும், வாடகைப் பாக்கியும் அதற்குள் அடங்கும். ஆனால் அந்த 60 நாளும் நடப்பு வாடகை தவறக்கூடாது, தவறினால் ஆலோசகர் ரத்துச் செய்யலாம். கடன் ஒரு பென்னி குறையாது. மூச்சு விடத்தான், பெயரே அதுதானே. சேர்ந்த சிலர் 60 நாளும் சும்மா இருந்துவிட்டு 61வது நாள் அதே இடத்தில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

டெப்ட் ரிலீஃப் ஆர்டர் (டி.ஆர்.ஓ.) உண்மையிலேயே கடனைத் தள்ளுபடி செய்யும், ஒரு வருஷம் கழித்து. கட்டணம் 2024 ஏப்ரலிலிருந்து இல்லை, கடன் வரம்பு அதே வருஷம் ஜூனில் 50,000 பவுண்டாக உயர்ந்தது, செலவு போக மாதம் 75 பவுண்டுக்கு மேல் மிஞ்சக்கூடாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. வாடகைப் பாக்கியை இதில் சேர்த்துவிட்டால் அந்தக் காசைக் கேட்டு வர முடியாது, ஆனால் அதே பாக்கியைக் காரணமாகக் காட்டி வீட்டைக் கேட்டு வழக்குப் போடலாம் என்று 2011ல் அப்பீல் கோர்ட்டே சொல்லிவிட்டது. காசு தள்ளுபடி, வீடும் தள்ளுபடி என்று ஆகிவிடலாம். டி.ஆர்.ஓ.வுக்குப் போகிறவர்கள் வீட்டுரிமையாளர் என்ன செய்வார் என்பதை ஆலோசகரிடம் நேராகக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

வாடகைக்குக் கவுன்சில் தன் விருப்பப்படி தரும் கூடுதல் உதவியான டிஸ்க்ரீஷனரி ஹவுசிங் பேமென்ட் பற்றியும் ஒரு வரி. படுக்கையறை வெட்டால் பாக்கி விழுந்தவருக்கு மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முதலில், ஏனென்றால் இது கடன் இல்லை, திருப்பித் தர வேண்டாம். 2026 ஏப்ரலிலிருந்து இங்கிலாந்தில் இது க்ரைசிஸ் அண்ட் ரெசிலியன்ஸ் ஃபண்ட் என்ற பெரிய நிதிக்குள் போய்விட்டது, பெயர் மாறினாலும் கேட்க வேண்டிய இடம் அதே கவுன்சில்தான். தருவதும் தராததும் அவர்கள் இஷ்டம்.

கோர்ட் வரை விட்டுவிட்டால்?

"கோர்ட்டுக்குப் போனால் ஜட்ஜ் குறைவாகத்தான் போடுவார், பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்கிறவர்கள் உண்டு. பாதி உண்மை. கட்டாயமில்லாத காரணங்களில் வெளியேற்றுவது நியாயமா என்று நீதிபதி பார்க்க வேண்டும், பெரும்பாலும் நிபந்தனையோடு நிறுத்திவைத்த உத்தரவாக முடியும்: நடப்பு வாடகையும் கொஞ்சம் பாக்கியும் கட்டி வந்தால் வீட்டில் இருக்கலாம். அதாவது வீட்டில் உட்கார்ந்து போனில் இலவசமாகப் போட்டிருக்கக்கூடிய அதே ஒப்பந்தம், இப்போது கோர்ட் செலவும் சேர்ந்து, தவறினால் வீட்டைக் காலி செய்ய வைக்கும் கோர்ட் ஆளான பெய்லிஃப் வருவான் என்ற கத்தியும் தலைக்கு மேலே. புதிதாக வந்த ஒரு வருஷ அறிமுக ஒப்பந்தக்காரர்களுக்கு இந்தப் பாதுகாப்பும் மிகக் குறைவு.

ஆனால் நோட்டீஸ் ஏற்கெனவே வந்துவிட்டது என்றால் கோர்ட்டை ஒதுக்க முடியாது, அப்போது செய்யக்கூடாத ஒன்றே ஒன்று போகாமல் இருப்பது. 2023 ஆகஸ்டிலிருந்து, வீட்டை இழக்கும் ஆபத்து என்று எழுத்தில் தகவல் வந்த நாளிலிருந்தே வருமானம் பார்க்காமல் இலவச சட்ட ஆலோசனை கிடைக்கிறது, விசாரணை நாளன்று கோர்ட்டிலும் வக்கீல் உங்களுக்காகப் பேசுவார். மொழி பிரச்சினை என்றால் உரைபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள், பிள்ளையைப் பள்ளிக்கூடம் நிறுத்திக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம்.

சாவியைக் கொடுத்துவிட்டு வெளியேறுவதும் ஒரு வழிதானே என்று கேட்கிறவர்களுக்கு: பாக்கி அப்படியே உங்கள் பெயரில் இருக்கும், அதே கவுன்சிலிடம் வீடில்லை என்று போய் நின்றால் நீங்களாகவே வீட்டை விட்டீர்கள் என்று ஃபைலை மூடிவிடலாம்.